டெங்குவுல சிஆர்பி, ஃபெரிட்டின் எல்லாம் ஏறிக் கெடக்கு, இதை வச்சு சீரியஸா இல்லையான்னு சொல்ல முடியுமா?

வைகைக்கரையான்
ஞாயிறு, இரவு 10.40

வணக்கம், மதுரைல இருந்து எழுதுறேன். எந்தம்பிக்கு 24 வயசு. புதன்கிழமை சாயங்காலம் 6 மணி வாக்குல வேலை முடிஞ்சு வரும்போதே உடம்பு நடுங்குதுன்னு வந்து படுத்தவன்தான், 103 காய்ச்சல், கண்ணுக்குப் பின்னாடி வலி, இடுப்பு கழண்டு போற மாதிரி வலின்னு ராத்திரி பூரா புலம்பல். தெருமுனை கிளினிக்ல ஒரு ஊசியப் போட்டு மூணு வேளைக்கு மாத்திரை குடுத்து விட்டுட்டாங்க. சனிக்கிழமை காலைல பிளட் டெஸ்ட் எடுத்தா டெங்குக்கான என்எஸ்1 பாசிட்டிவ், தட்டணு (பிளேட்லெட்) 1,38,000, டோட்டல் கவுன்ட் (வெள்ளை அணு) 2,900, உடனே ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில சேத்துட்டோம்.

இன்னைக்கு காலைல எடுத்த ரிப்போர்ட் கைல இருக்கு. தட்டணு 88,000, லிவர் டெஸ்ட்ல எஸ்ஜிஓடி 186, எஸ்ஜிபிடி 94, சிஆர்பி 31, ஃபெரிட்டின் 3,840. தட்டணுவத் தவிர மத்த எல்லாத்துக்கும் பக்கத்துல தடிச்ச எழுத்துல மேல பாத்த அம்புக்குறி போட்டுருக்கான், அதப் பாத்துட்டு எங்கம்மா ஒரு வாய் சோறு எறங்காம உக்காந்துருக்கு. டியூட்டி டாக்டர்கிட்ட கேட்டா "இன்ஃப்ளமேட்டரி மார்க்கர் கொஞ்சம் ஏறிருக்கு, வாட்ச் பண்ணுவோம்"னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். நெட்ல தேடுனா ஃபெரிட்டின் அதிகமா இருந்தா சைட்டோகைன் புயல், உயிருக்கு ஆபத்துன்னு வருது. நல்ல சேதின்னா சாயங்காலத்துல இருந்து காய்ச்சல் விட்டுருச்சு, 99தான் இருக்கு, ஆனா ஆளு ரொம்ப சோர்வா இருக்கான். ஃபெரிட்டின் 3,840ங்கறது எவ்ளோ மோசம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


சேலத்து சென்ட்ரிஃப்யூஜ்
ஞாயிறு, இரவு 11.15

தம்பி மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, லேப் டெக்னீஷியன், 14 வருஷமா மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சு குனிஞ்சு கழுத்துவலிதான் மிச்சம். அதனால நோயாளியப் பத்தி நான் பேச மாட்டேன், அந்த ரிப்போர்ட் பேப்பரப் பத்தி மட்டும் பேசறேன்.

அம்புக்குறிய பாத்து பயப்படாதீங்க, அது மெஷின் தானா போடறது. நார்மல்னு ஒரு கோடு போட்டு வச்சிருப்போம், அதத் தாண்டுனா ஒரு பாயின்ட்டா இருந்தாலும் அம்பு வரும், ஆயிரம் பாயின்ட்டா இருந்தாலும் அதே அம்புதான் வரும்.

சிஆர்பின்னா கல்லீரல் பண்ற ஒரு புரோட்டீன். ஒடம்புல எங்கயாவது வீக்கம், தொற்றுன்னா ரத்தத்துல இருந்து சேதி போயி (அந்த சேதிக்கு ஐஎல்-6னு பேரு) கல்லீரல் இதைத் தயார் பண்ணி விடும். உங்க ரிப்போர்ட்ல 31னு இருக்கறது லிட்டருக்கு மில்லிகிராமான்னு பாருங்க, சில லேப்ல டெசிலிட்டர்ல போடுவாங்க, அங்க இதே அளவு 3.1னு வரும், நாளைக்கு வேற லேப்ல எடுத்து "31 இருந்தது 3 ஆயிடுச்சு"ன்னு சந்தோஷப்பட்டவங்கள நானே பாத்துருக்கேன். லிட்டருக்கு 31ன்னா டெங்குக்கு அப்படி ஒண்ணும் வானத்துல இல்ல. பாக்டீரியா நிமோனியா, சீழ் கட்டி மாதிரி கேஸ்ல 150, 200னு சாதாரணமா வரும்.

ஃபெரிட்டின் வேற கதை. அது இரும்புச்சத்தப் பூட்டி வைக்கற டப்பா மாதிரி ஒரு புரோட்டீன். ரத்தசோகைக்கு எடுப்போம்ல அதே டெஸ்ட்தான். ஆம்பளைக்கு 300, 400 வரைக்கும் நார்மல்னு போடுவோம். ஆனா அழற்சி (உங்க டாக்டர் சொன்ன இன்ஃப்ளமேஷன்) வந்தாலும், கல்லீரல் அடிபட்டாலும் ஏறும், டெங்குல ரெண்டுமே நடக்குது. மழை சீசன்ல எங்க லேப்ல டெங்கு கேஸுக்கு ஆயிரக்கணக்குல வர்றது தெனப்படி பாக்கறதுதான், ஒவ்வொருத்தரும் போய்ச் சேந்துடல, பெரும்பாலானவங்க அடுத்த வாரம் நடந்து வந்து ரிப்போர்ட் வாங்கிட்டுப் போறாங்க.

இப்ப என் கேள்வி. இவ்ளோ எழுதுனீங்க, பிசிவி (ரத்தத்துல சிவப்பணு நூத்துக்கு எவ்ளோங்கற அளவு) எவ்ளோன்னு எழுதவே இல்லையே? ஹீமோகுளோபினுக்குக் கீழ இருக்கும், ஹெமடோக்ரிட்னும் போட்டுருக்கும். சனிக்கிழமை எவ்ளோ, இன்னைக்கு எவ்ளோ? அதோட காய்ச்சலுக்கு முன்னாடி எப்பயாவது ரத்தம் எடுத்த பழைய ரிப்போர்ட் வீட்ல இருந்தா தேடிப் பாருங்க.


நைட்டூட்டி
திங்கள், அதிகாலை 12.50

டூட்டில இருக்கேன், ரெண்டு அட்மிஷனுக்கு நடுவுல டைப் பண்றேன், பிழை இருந்தா மன்னிக்கவும். ஜெனரல் மெடிசின், திருநெல்வேலி பக்கம். பேஷன்ட்டப் பாக்காம ட்ரீட்மென்ட் சொல்ல மாட்டேன், பொதுவா புரியுற மாதிரி சொல்லுதேன்.

லேப் அண்ணாச்சி கேட்டது சரியான கேள்வி. ஆனா எனக்கு உங்க போஸ்ட்ல இடிக்கறது ஃபெரிட்டின் இல்ல, "நல்ல சேதி காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா ரொம்ப சோர்வா இருக்கான்"னு சொன்னீங்க பாருங்க, அந்த வரிதான். மத்த காய்ச்சல்ல காய்ச்சல் விட்டா ஆளு எந்திரிச்சு உக்காந்து பசிக்குதுன்னு சொல்லணும். டெங்குல காய்ச்சல் எறங்குற நேரந்தான் கிரிட்டிக்கல் ஃபேஸ் ஆரம்பிக்கிற நேரம். மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள வரும், 24ல இருந்து 48 மணி நேரம் இருக்கும். புதன் சாயங்காலம் ஆரம்பிச்சதுன்னா உங்க தம்பி இப்ப சரியா அதோட வாசல்ல நிக்கான்.

என்ன நடக்குதுன்னா, வைரஸ் போயி ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள்ல உக்காந்துக்கிடும், அதுங்க பதறிப் போயி சைட்டோகைன்னு சொல்ற ரசாயனத்த எல்லாம் கொட்டும். அந்தக் கொட்டல்ல ரத்தக்குழாயோட உள்பூச்சு பலவீனமாயி ஓட்டைத்துணி மாதிரி ஆயிடும். கஞ்சியத் துணில ஊத்துனா தண்ணி வடிஞ்சு பருக்கை மேல நிக்கும்லா, அதே மாதிரி ரத்தத்துல இருக்கிற பிளாஸ்மா வெளிய கசிஞ்சு நெஞ்சுக்கூட்டுலயும் வயித்துலயும் தேங்கும், சிவப்பணு மட்டும் குழாய்க்குள்ளயே நிக்கும். ரத்தம் கெட்டியாவும். அந்தக் கெட்டித்தன்மையக் காட்டுறதுதான் பிசிவி. நாங்க டெங்கு வார்டுல நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா விரட்டுறது அதைத்தான்.

அப்ப சிஆர்பி, ஃபெரிட்டின் எதுக்குன்னா, உள்ள எவ்ளோ தீ எரியுதுன்னு காட்டும், ஆனா கசிவு ஆரம்பிச்சிட்டா இல்லையான்னு அந்த நிமிஷத்துல சொல்லாது. சும்மா எடுக்கிற டெஸ்ட்டுன்னும் தள்ளிட முடியாது, ஆசியா, லத்தீன் அமெரிக்கான்னு பல நாட்டு நோயாளிகள வச்சு 2020ல வந்த ஆராய்ச்சில காய்ச்சலோட மொத மூணு நாள்ல சிஆர்பி கூடுதலா இருந்தவங்களுக்கு நோய் தீவிரமாகிற வாய்ப்பு அதிகம்னு வந்துச்சு. அடுத்த வருஷம் வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல் சால்வடார் நாலு நாட்டு ஆட்களோட ரத்தத்துல பத்து மார்க்கர ஒண்ணாப் போட்டுப் பாத்தாங்க, அதுல சிஆர்பியும் ஃபெரிட்டினும் உண்டு, மிச்சம் எல்லாம் சிண்டிகன்-1, ஆஞ்சியோபொய்டின்-2, ஐபி-10னு நம்ம ஊரு லேப்ல பேரக் கேட்டா முழிப்பாங்க. ஒத்தை நம்பர வெறிச்சுப் பாக்கறதவிட ரெண்டு மூணு சேந்து ஏறுறதுதான் சேதி சொல்லுதுன்னு அதுல தெரிஞ்சது. ஆனா அதெல்லாம் ஆயிரம் பேர வச்சு சொல்ற கணக்கு, உங்க தம்பி ஒருத்தனுக்கு நாளைக்கு ராத்திரி என்ன ஆகும்னு அது ஜோசியம் சொல்லாது.

சிஆர்பில எங்களுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. டெங்கு பாசிட்டிவ் கேஸ்ல சிஆர்பி 100, 150னு நின்னா கூடவே பாக்டீரியா தொற்று எதுவும் இருக்கான்னு தேடுவோம். ஸ்க்ரப் டைஃபஸ், எலிக்காய்ச்சல் எல்லாம் இதே மழைக்காலத்துல இதே மாதிரி தட்டணுவ எறக்கிட்டு வரும், தேடாம விட்டா மாட்டிக்கிடுவோம். உங்க 31க்கு அந்தப் பயம் கம்மி.

இப்ப நீங்க பாக்க வேண்டியது: விடாம வயித்துவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு மூக்குல ரத்தம், கருப்பா மலம், தூங்கி வழியறது இல்லன்னா காரணமில்லாம படுக்க முடியாம தவிக்கிறது, கை கால் சில்லுன்னு ஆகிறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு வராம இருக்கிறது. இதுல ஒண்ணு வந்தாலும் விடியட்டும்னு உக்காந்துராம நர்ஸ எழுப்புங்க. பிபி பாத்தா மேல 100 இருக்கேன்னு நிம்மதி ஆயிராதீங்க, கீழ 80ன்னா ரெண்டுக்கும் இடைவெளி 20தான், அது ஷாக்குக்குப் போற வழி. அப்புறம் அந்தத் தெருமுனை ஊசி என்னன்னு விசாரிங்க, டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வகையறா எதுவும் டெங்குல ஆகாது, பாரசிட்டமால் மட்டுந்தான், அதுவும் அளவா. கேஸ் வந்துருச்சு, போறேன்.


வைகைக்கரையான்
திங்கள், காலை 7.20

ரொம்ப நன்றி டாக்டர், நன்றிண்ணே. ராத்திரி ஒரு மணிக்கு இதப் படிச்சுட்டு தூக்கமே போச்சு. பிசிவி சனிக்கிழமை 42, நேத்து காலை 44, இன்னைக்கு காலைல 6 மணிக்கு எடுத்தது 46. தட்டணு 61,000. நார்மல் 40-50ன்னு போட்டுருக்கு, அதனால அம்பு இல்ல, நாங்களும் கவனிக்கல. நர்ஸ்கிட்ட கேட்டா நார்மலுக்குள்ளதானே இருக்குன்னுட்டாங்க. அந்த ஊசி டைக்ளோஃபெனாக்தானாம், கிளினிக் சீட்டுல எழுதியிருக்கு.

இஎஸ்ஆர் 6தான் இருக்கு, அழற்சி இருந்தா அது ஏறணும்ல?

பழைய ரிப்போர்ட் தேடிக்கிட்டு இருக்கோம்.


சேலத்து சென்ட்ரிஃப்யூஜ்
திங்கள், காலை 8.05

இஎஸ்ஆர்ங்கறது குழாய்ல ரத்தத்த நிமித்தி வச்சா ஒரு மணி நேரத்துல சிவப்பணு எவ்ளோ கீழ எறங்குதுங்கற அளவு. டெங்குல ரத்தம் கெட்டியாகும், அணுக்கள ஒட்ட வைக்கற ஃபைப்ரினோஜென்னும் கொறையும், அப்ப எறங்காது. அதனால இஎஸ்ஆர் கம்மியா இருக்கறத வச்சு அழற்சி இல்லன்னு சொல்லிட முடியாது, அத விடுங்க.

நார்மலுக்குள்ள இருக்கறது முக்கியமில்ல தம்பி, உங்க தம்பிக்கு எது நார்மலோ அதுல இருந்து எவ்ளோ ஏறுச்சுங்கறதுதான் கணக்கு. அதுக்குத்தான் பழைய ரிப்போர்ட் கேட்டேன். பழசவிட நூத்துக்கு 20 ஏறுனா கசிவுன்னு எடுத்துக்குவாங்க. இன்னொண்ணு, டிரிப் ஏறற கையிலயே ரத்தம் எடுத்தா தண்ணி கலந்து பிசிவி கொறைவாக் காட்டும், அதே மாதிரி கட்டுக்கயித்த ரெண்டு நிமிஷம் இறுக்கி வச்சே எடுத்தா ஏத்திக் காட்டும். எந்தக் கையில எடுக்கறாங்கன்னு பாத்துக்கங்க, மரியாதையா கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க, கேக்கறவங்கள எங்களுக்குப் புடிக்கும்.

தட்டணுவுக்கும் இதே கதைதான். ஊதா மூடி டியூப்ல சிலபேருக்கு தட்டணு கும்பலா ஒட்டிக்கும், மெஷின் கும்பல ஒண்ணா எண்ணி 20,000னு சொல்லும், ஸ்லைடு போட்டுக் கண்ணால பாத்தா 90,000 இருக்கும். ரொம்ப கம்மியா திடீர்னு வந்தா ஸ்மியர் பாத்தாங்களான்னு கேளுங்க. 61,000க்கும் 65,000க்கும் வித்தியாசமே கிடையாது, அது மெஷினோட மூட்.


பனங்கிழங்கு
திங்கள், காலை 9.30

வணக்கம், நான் யாழ்ப்பாணம், வார்ட்டில தாதியா வேலை செய்யிறன். 2017ல எங்கட நாட்டில 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல டெங்கு எண்டு பதிவாச்சுது, அந்த வருசம் கட்டிலுக்குக் கீழயும் பாய் போட்டு ஆக்களப் படுக்க வச்சம், அதில படிச்ச பாடந்தான் சொல்லுறன்.

எங்கட பக்கம் சிஆர்பி, ஃபெரிட்டின் எல்லாருக்கும் எடுக்கிறேல்ல. கசிவைப் பிடிக்கிறதுக்குத்தான் ஓடுறது. வயித்து ஸ்கானில பித்தப்பைச் சுவர் தடிச்சிருக்கோ, நுரையீரலைச் சுத்தித் தண்ணி நிக்குதோ எண்டு பாக்கிறது. ரத்தத்தில அல்புமின் எண்ட புரதம் 3.5க்குக் கீழ போனாலோ, கொலஸ்ட்ரோல் 100க்குக் கீழ விழுந்தாலோ அதுவும் கசியுது எண்டதுக்கு ஒரு சாட்சி, ஏனெண்டா பிளாஸ்மாவோட அதுகளும் சேந்துதான் வெளிய போகுது. உங்கட தம்பிக்கு எல்எஃப்டி (ஈரல் டெஸ்ட்) எடுத்திருப்பினம், அதில அல்புமின் எவ்வளவு எண்டு ஒருக்காப் பாருங்கோ, புதுசா ரத்தம் குத்தத் தேவையில்ல.

மற்றது, குடிச்ச தண்ணி எவ்வளவு, போன சலம் எவ்வளவு எண்டு ஒரு கொப்பியில மணிக்கணக்கோட எழுதுங்கோ. வெறுந்தண்ணிய மட்டும் குடம் குடமாக் குடுக்கிறதும் பிழை, ஜீவனி (உங்கட ஓஆர்எஸ்), கஞ்சி, இளநி எண்டு மாத்தி மாத்திக் குடுக்க வேணும். கறுத்த, சிவத்த சாப்பாடு, பீட்ரூட், கோலா ஒண்டும் வேண்டாம், சத்தி (வாந்தி) எடுத்தா ரத்தமோ பீட்ரூட்டோ எண்டு எங்களுக்கே விளங்காது.


காரைக்குடி ஆச்சிமகன்
திங்கள், பகல் 11.45

எல்லாரும் பெரிய பெரிய டெஸ்ட்டு பேரா சொல்றீங்க. பப்பாளி இலைச் சாறு ரெண்டு வேளை, நிலவேம்புக் குடிநீர் ஒரு டம்ளர், மூணே நாள்ல தட்டணு மூணு லட்சம். எங்க மாமா பையனுக்குக் கண்ணால பாத்தது. கவர்மென்ட்டே நிலவேம்பு ஊத்துச்சு. சொல்றத சொல்லிட்டேன்.


நைட்டூட்டி
திங்கள், பகல் 1.10

ஐயா, கோவிச்சுக்கிடாதீங்க. டெங்குல ஏழாவது எட்டாவது நாள்ல தட்டணு தானா ஏறும், அந்த நேரத்துல எதைக் குடிச்சிருந்தாலும் அதுக்குத்தான் பேரு போவும், எங்க வார்டுல ஒருத்தர் ஆட்டுக்கால் சூப்புதான் காப்பாத்துச்சுன்னு இன்னிக்கும் சொல்லுதாரு. நிலவேம்பு குடிக்கிறவங்கள நான் திட்டுறது இல்ல. ஆனா ஏற்கனவே வாந்தியில இருக்கிறவனுக்கு அந்தக் கசப்ப ஊத்துனா குடிச்ச ஓஆர்எஸ்ஸும் சேந்து வெளிய வரும், அதுதான் என் சண்டை. அதோட தட்டணு ஏறுறதுக்கும் கசிவு நிக்கிறதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல. தட்டணு 70,000 இருக்கிறப்பவே ஷாக்குக்குப் போனவங்க உண்டு, 12,000 வச்சுக்கிட்டு கேரம் ஆடுனவங்களும் உண்டு.

மதுரைத் தம்பி, பிசிவி 42, 44, 46னு படி ஏறுது, தட்டணு எறங்குது. ரெண்டும் சேந்து நடக்கிறதே எச்சரிக்கைக் குறிதான். ட்ரீட் பண்ற டாக்டர்கிட்ட இந்த மூணு நம்பரையும் ஒரே பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க.


வைகைக்கரையான்
திங்கள், இரவு 11.55

இப்பதான் உக்காந்தேன். என்ன நடந்ததுன்னு சொல்றேன். பதினொரு மணிக்கே அம்மா பழைய ரிப்போர்ட்ட கண்டுபிடிச்சுருச்சு, போன வருஷம் கம்பெனில சேரும்போது எடுத்த மெடிக்கல் செக்கப், பைக் ஆர்சி புக்கு, கேஸ் புக்கு எல்லாம் போட்டு வச்ச பிஸ்கட் டப்பாக்குள்ள மடிச்சுக் கெடந்துச்சு. அதுல பிசிவி 40.

மத்தியானம் ரெண்டு மணிக்கு தம்பி வலது பக்க வயிறு வலிக்குதுன்னான், ரெண்டு தடவ வாந்தி. நீங்க எழுதுனத வச்சு உடனே டாக்டரக் கூப்பிட்டோம், பிசிவி மறுபடி எடுத்தாங்க, இந்தத் தடவ டிரிப் இல்லாத கையில எடுக்கச் சொன்னேன், அந்தப் பொண்ணு ஒரு மாதிரியா பாத்துட்டு சரின்னுச்சு. 49 வந்துச்சு. 40ல இருந்து 49ன்னா 20 பர்சன்ட்டத் தாண்டிருச்சுல்ல, அந்தப் பழைய பேப்பரக் காட்டவும் டாக்டர் மொகமே மாறிடுச்சு. உடனே ஐசியூக்கு மாத்தி ஆர்எல்னு ஒரு டிரிப் ஓட விட்டாங்க, எடைய வச்சு கணக்குப் போட்டு மணிக்கு இவ்ளோன்னு. ஸ்கேன்ல வலது நுரையீரல் பக்கம் கொஞ்சம் தண்ணி, பித்தப்பைச் சுவர் தடிப்பு, யாழ்ப்பாணத்து அக்கா சொன்னது அப்படியே எழுதியிருக்கு. அல்புமின் 3.1. பிபி 104/80 இருந்துச்சு, இப்ப 112/74.

ஃபெரிட்டின் மறுபடி எடுத்துருக்காங்க 6,700. அதுக்குத்தான் இப்ப பயமா இருக்கு. டிரைகிளிசரைடு, ஃபைப்ரினோஜென்னு வேற ஏதோ அனுப்பிருக்காங்க. தட்டணு 41,000, நாளைக்கு நாலு பேரு டோனர் ரெடி பண்ணி வச்சுக்கங்கன்னு சொல்லிருக்காங்க.


நைட்டூட்டி
செவ்வாய், அதிகாலை 1.30

நேரத்துக்குப் பிடிச்சுட்டீங்க. இப்ப ஃபெரிட்டினுக்கு வாரேன். டெங்குல அபூர்வமா ஹெச்எல்ஹெச்னு ஒரு நிலை வரும், நோய் எதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிப் போயி சொந்த ரத்த அணுக்களையே விழுங்க ஆரம்பிச்சிடும். அதுல ஃபெரிட்டின் பத்தாயிரத்தையும் தாண்டி எகிறும், காய்ச்சல் விடாது, ஏழு நாள் எட்டு நாள் கடந்தும் அடிச்சுக்கிட்டே இருக்கும், மண்ணீரல் வீங்கும், ஹீமோகுளோபினும் விழும், டிரைகிளிசரைடுங்கற ரத்தக்கொழுப்பு 265க்கு மேல ஏறும், ஃபைப்ரினோஜென் 150க்குக் கீழ போவும். எட்டு அடையாளத்துல அஞ்சு பொருந்துதான்னு பாப்பாங்க, அதுல ஃபெரிட்டினுக்கு வச்சிருக்கிற கோடு வெறும் 500தான், அந்தக் கோட்ட டெங்கு பேஷன்ட்டு பாதிப்பேரு சாதாரணமாத் தாண்டிருவாங்க, அதனால அது ஒண்ண மட்டும் வச்சு யாரும் முடிவு கட்ட மாட்டாங்க. உங்க தம்பிக்குக் காய்ச்சல் விட்டாச்சு. டெஸ்ட் அனுப்புனது சந்தேகத்தத் தீத்துக்கிடத்தான், நானா இருந்தாலும் அனுப்பிருப்பேன்.

யாராவது ஸ்டீராய்டு போட்டா அழற்சி அடங்கிரும்லன்னு கேப்பாங்க, நானும் பிஜி படிக்கிறப்ப அப்படித்தான் யோசிச்சேன். வியட்நாம்ல ஆரம்பத்துலயே பிரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டக் குடுத்துப் பாத்தாங்க, 2012ல வந்தது, கசிவும் கொறையல, ஷாக்கும் கொறையல. தீயக் காட்டுற மார்க்கர் இருக்குங்கறதுக்காக தண்ணிய ஊத்துனா அணைஞ்சுரும்னு இல்ல. ஹெச்எல்ஹெச்னு உறுதியானா அது வேற.


ரத்தக்கொடை கோவை
செவ்வாய், காலை 10.20

டோனர் பத்தி ஒரு வார்த்தை. நான் பதினோரு வருஷமா டோனர் ஒருங்கிணைக்கறேனுங்க. அக்டோபர் பொறந்தா போன் அடங்காது, "பிளேட்லெட் 40,000 ஆயிடுச்சு, உடனே நாலு யூனிட்"னு அழுவாங்க. ரத்தக்கசிவு எதுவும் இல்லைன்னா நம்ம தேசிய வழிகாட்டிலயே 10,000க்குக் கீழ போனாத்தான் ஏத்தறதுன்னு இருக்குது. சிங்கப்பூர், மலேசியால 20,000க்குக் கீழ போன பெரியவங்களுக்கு ஒரு பாதிப்பேருக்கு ஏத்தியும் ஒரு பாதிப்பேருக்கு ஏத்தாமயும் பாத்தாங்க, 2017ல வந்துச்சு, ரத்தப்போக்குல வித்தியாசமே இல்லீங்க, ஏத்துனவங்களுக்குத்தான் அலர்ஜி மாதிரி தொல்லை கூட. பிளேட்லெட் அஞ்சு நாள்தான் தாங்கும், அதுவும் ஃப்ரிட்ஜ்ல வைக்கக்கூடாது, ஆட்டிக்கிட்டே இருக்கற மெஷின்ல வைக்கோணும், சும்மா ஸ்டாக் பண்ணி வச்சா கேன்சர் கொழந்தைக்குப் போக வேண்டியது வீணாப்போகுது. டோனர் நம்பர் வாங்கி வெச்சுக்கங்க, வரச்சொல்லி உக்கார வெக்காதீங்க. நெசமா தேவைப்பட்டா மதுரைலயே ஆளு இருக்காங்க, இங்க எழுதுங்க.


வைகைக்கரையான்
புதன், இரவு 9.15

நேத்து ராத்திரி தட்டணு 23,000. வீட்ல ஒரே சண்டை, சித்தப்பா டாக்டர்கிட்டயே போயி ஏன் இன்னும் ஏத்தலன்னு கத்திட்டார். டாக்டர் ரத்தம் எங்கயும் வரல, பிசிவி எறங்குது, பொறுங்கன்னு சொல்லிட்டார். பிசிவி நேத்து காலை 45, ராத்திரி 43, இன்னைக்கு 41. டிரைகிளிசரைடு 148, ஃபைப்ரினோஜென் 210, மண்ணீரல் ஒண்ணும் இல்ல, அதனால அந்த ஹெச்எல்ஹெச் இல்லன்னுட்டாங்க. இன்னைக்கு காலைல தட்டணு 31,000, டோட்டல் கவுன்ட் 5,600. உள்ளங்கை, பாதம் எல்லாம் அரிப்பு தாங்க முடியல, கால்ல செவப்பா படர்ந்து நடுவுல நடுவுல வெள்ளத் திட்டு. இது என்ன புதுசா? டிரிப்ப வேற கொறைச்சுட்டாங்க, அம்மா ஏன் கொறைச்சீங்கன்னு கேக்குது.


பனங்கிழங்கு
புதன், இரவு 10.05

அம்மாட்டச் சொல்லுங்கோ, அந்தச் சொறி நல்லதுக்குத்தான் எண்டு. டெங்கு மாறேக்க வாற சொறி அது. கசிஞ்சு வெளிய போன தண்ணி எல்லாம் இப்ப திரும்ப ரத்தக்குழாய்க்குள்ள வருது, இந்த நேரத்தில சேலைனையும் ஓட விட்டா நெஞ்சில தண்ணி கட்டி மூச்சு முட்டும், அதுதான் குறைக்கினம். சலம் நிறையப் போகும், பாருங்கோ. வெள்ளை அணு முதல்ல ஏறும், பிளேட்லெட் பின்னால வரும். பசிக்குது எண்டு கேட்டவரோ?


வைகைக்கரையான்
புதன், இரவு 10.20

சாயங்காலம் பரோட்டா கேட்டான் அக்கா.


சேலத்து சென்ட்ரிஃப்யூஜ்
வியாழன், காலை 7.50

பரோட்டா கேட்டா அதுக்கு மேல என்ன டெஸ்ட் வேணும். இட்லி குடுங்க.


வைகைக்கரையான்
சனி, மாலை 5.30

நேத்து டிஸ்சார்ஜ் ஆயிட்டான். தட்டணு 1,12,000, பிசிவி 40, எஸ்ஜிஓடி இன்னும் 140 இருக்கு. ஃபெரிட்டின் 1,900ல நிக்குது, சிஆர்பி 6. எல்லாருக்கும் கோடி நன்றி. சித்தப்பா இப்ப ஆஸ்பத்திரிய புகழ்ந்துக்கிட்டு இருக்கார்.

கடைசியா ஒரு கேள்வி, ஃபெரிட்டின் நார்மல் ஆகுற வரைக்கும் வாராவாரம் எடுக்கணுமா? ஒரு டெஸ்ட்டுக்கே நல்லா பில்லு போடுறாங்க. அப்புறம் கார்ப்பரேஷன்ல இருந்து வந்து பாத்தாங்க, மாடில சின்டெக்ஸ் மூடி ஒடைஞ்சதுன்னு ஒரு தட்டப் போட்டு வச்சுருந்தோம், டார்ச் அடிச்சா உள்ள கொசுப்புழு நெளியுது.


நைட்டூட்டி
சனி, இரவு 8.40

வாராவாரம் வேண்டாம், அது தானா எறங்கும். ரெண்டு வாரம் கழிச்சு ரிவ்யூக்கு போறப்ப லிவர் டெஸ்ட்டும் ரத்த அணுவ எண்ணுற சிபிசியும் எடுப்பாங்க, அது போதும், திரும்பக் காய்ச்சல் வந்தாத்தான் வேற யோசிக்கணும். ஒரு மாசம் உடம்பு அசதியா இருக்கும், ஜிம்முக்குப் போறேன்னு கிளம்ப விடாதீங்க. டெங்கு நாலு வகை, இது போயி வேற வகை வந்தா ரெண்டாவது தடவ இன்னும் மோசமா வர வாய்ப்பு உண்டு, அதனால சின்டெக்ஸ் மூடிய இன்னைக்கே வாங்குங்க. வீட்ல வேற யாருக்கும் காய்ச்சல் இல்லையே?


வைகைக்கரையான்
சனி, இரவு 9.05

அம்மாவுக்கு மத்தியானம் 3 மணில இருந்து லேசா உடம்பு சுடுதுங்குது டாக்டர். பிஸ்கட் டப்பாவத் தேடிக்கிட்டு இருக்கேன்.